சின்ன ஜமுக்காளம்

ஏரிக்கரையைத் தாண்டிய பிறகுதான் தோளில் ஜமுக்காளம் இருப்பது உறைத்தது. திரும்பிப் போய் வைத்துவிட்டு வரலாம். அதற்கு மறுபடியும் அந்தத் தெருவில் நடக்க வேண்டும். பள்ளிக்கூட வாசலில், கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில், சட்டையில் குத்திய காகிதக் கொடியோடு ஆட்கள் இன்னும் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துவார்கள், அல்லது நிறுத்தாமல் சிரிப்பார்கள். இரண்டையும் தாங்க முடியும் என்று தோன்றவில்லை. நடந்தேன்.

அன்று ஆகஸ்ட் பதினைந்து. தொண்ணூறுகளின் கடைசி வருஷங்களில் ஒன்று. கீழ்பென்னாத்தூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஊர். காலையில் கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, கிராம சபைக் கூட்டமும் நடந்து முடிந்திருந்தது. அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து பேசினாள். பதினொன்றாம் வகுப்புக்குத் திருவண்ணாமலைக்குப் போய்வருகிற பெண். மாலையில் டவுனிலிருந்து வருகிற நாலு மணி வண்டியை ஐந்து மணிக்கு மாற்ற வேண்டும் என்று கேட்டாள். பள்ளிக்கூடம் விட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வருவதற்குள் நாலு மணி வண்டி போய்விடும். அடுத்த வண்டி ஏழு மணிக்கு. ரோட்டு முனையில் இறங்கி, இந்த ஏரிக்கரையில் இருட்டில் நடந்து வீட்டுக்கு வர வேண்டும். "இருட்டுல வர்ற படிப்பு நமக்கு வாணாம்" என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். காலாண்டுப் பரீட்சை வரைக்கும் பார்ப்பார். அதற்குள் வண்டி மாறாவிட்டால் அவள் படிப்பு நின்றுவிடும். அவளோடு போய்வந்துகொண்டிருந்த மற்றப் பெண்களின் படிப்பும் நின்றுவிடும்.

அவள் பேசிக்கொண்டிருந்தபோது அதைக் கெடுத்தது நான். இளைஞர் குழு நடத்துவதற்காக அந்த ஊருக்கு அனுப்பப்பட்டவன். பசங்களைப் பேச வைப்பதுதான் என் வேலையே.

ரோட்டுக்கு வந்தபோது டவுனுக்குப் போகிற வண்டி வந்தது. கண்டக்டர் படியில் நின்றபடி, "வர்றியாப்பா?" என்றார். ஜன்னலோரம் அந்த ஊர்ப் பெண்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். மலைக்குப் போகிறார்கள் போலிருக்கிறது, தலையில் பூ. கையை ஆட்டி வேண்டாம் என்றேன். வண்டி கிளம்பியதும் அவர்களில் ஒருத்தி திரும்பிப் பார்த்து, பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொன்னாள். என்னைப் பற்றி இல்லாமலும் இருக்கலாம்.

வெயில் கம்மியாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும், மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்கிற வேர்க்கடலைக் கொல்லை மஞ்சள் பூ விட்டிருந்தது. காலையில் சைக்கிளில் வரவில்லை, பஸ்ஸில் வந்திருந்தேன். நடப்பது எனக்குப் புதிதில்லை.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆரணியில் நெல் மில் களத்தில் நெல் தள்ளியிருக்கிறேன். பெங்களூரில் ஓட்டலில் மேசை துடைத்திருக்கிறேன். ஒரு கோடை முழுக்க செங்கல் சூளையில் இருந்தேன். எங்கேயும் நிலைத்ததில்லை. வேலை கஷ்டம் என்று எதையும் விட்டதில்லை, சாப்பாடு சரியில்லை என்றும் விட்டதில்லை. நாலு பேர் முன்னால் யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால், மறுநாள் அங்கே இருக்க மாட்டேன்.

ரமணாசிரமத்துப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அறை பெருக்கிக்கொண்டிருந்தபோதுதான் இந்த வேலை வந்தது. ஒரு தொண்டு நிறுவனத்தார் அங்கே ஹாலை எடுத்துக் கிராமத்துப் பசங்களுக்குப் பயிற்சி வைத்திருந்தார்கள். பசங்கள் உள்ளே வராமல் வேப்ப மரத்தடியிலேயே நின்றார்கள். உள்ளிருந்து மைக்கில் அழைத்தார்கள், ஒருவனும் அசையவில்லை. நான் போய், "தம்பிகளா, உள்ள பெஞ்சு நெறைய கெடக்குது, எடுத்து வெளிய போடணும், ஒரு கை குடுங்க" என்றேன். எல்லாரும் வந்தார்கள். பெஞ்சை வெளியே போட்டுவிட்டு, வெறுந்தரையில் உட்கார்ந்துகொண்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. நிறுவனத்து சார் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். "உனக்கு இது வருதுப்பா. எங்ககூட வந்துடு" என்றார். எவ்வளவு படித்திருக்கிறாய் என்று கேட்டார், சொன்னேன். "அது பரவால்ல" என்றார்.

அந்த ஊரில் முதல் நாளே கூட்டம் கூட்டிக் கோட்டை விட்டேன். பஞ்சாயத்துத் தலைவர் வீட்டிலிருந்து நாற்காலி வந்தது. நான் உட்கார்ந்தேன். பசங்கள் எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கேட்டதற்கெல்லாம் "சரிங்க சார்" என்றார்கள். மறுவாரம் ஒருவனும் வரவில்லை. நாற்காலி வந்தால் அது கூட்டமில்லை, பிரசங்கம். அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் நாற்காலி வருவதற்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிடுவேன்.

கூட்டம் என்று கூப்பிடுவதையும் விட்டேன். ஏரிக்கரை மதகுச் சுவர் மேல் மாலையில் பசங்கள் உட்கார்ந்திருப்பார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். சில நாள் ஒன்றும் பேசவில்லை. என் சைக்கிள் செயின் கழன்றுவிட்டது என்று மாட்டிக்கொண்டிருப்பேன். அந்தப் பசங்களில் ஒருவன் வாயாடி, கிரிக்கெட் டீமுக்குக் கேப்டன். "இன்னாண்ணா, ஒங்க செயின் நம்மூருக்கு வந்தா மட்டும் கழட்டிக்குது?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்குத்தான் குழு ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டும்.

ஜமுக்காளம் பிறகு வந்தது. நிறுவனத்தில் பெரிதாக ஒன்று கொடுத்தார்கள். அதை விரித்தால் பத்துப் பேர் வந்தாலும் யாருமே வராத மாதிரி இருக்கும். திருப்பிக் கொடுத்துவிட்டுச் சின்னதாக ஒன்று வாங்கினேன், சிவப்பும் நீலமும் கோடு போட்டது. அதில் ஆறேழு பேர் உட்கார்ந்தாலே நெருக்கும். பின்னால் வருகிறவனுக்கு இடம் விட எல்லாரும் நகர வேண்டும். நகர்ந்து இடம் விட்ட பிறகு, அவன் வேண்டாதவனாக இருந்தாலும் பேசித்தான் ஆக வேண்டும். முதலில் வருகிறவர் விரிக்க வேண்டும், கடைசியில் போகிறவர் சுருட்ட வேண்டும். நான் அதைத் தொடவே கூடாது என்று எனக்கே ஒரு விதி வைத்துக்கொண்டேன். நான் விரித்தால் அது என் வீடு, அவர்கள் விருந்தாளி.

பெண்கள் வந்தது ரொம்ப நாள் கழித்து. அதற்குக் குழுவில் பேசிப் பிரயோஜனமில்லை. வீடு வீடாகப் போய் அம்மாமார்களிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். விளக்கு வைப்பதற்கு முன்னால் பெண்ணை அனுப்பிவிடுவேன் என்று சொன்னேன். பேச்சு எவ்வளவு சூடாகப் போய்க்கொண்டிருந்தாலும் அந்த நேரத்துக்கு முடித்தேன். கேப்டன் ஒரு நாள், "ஏண்ணா, இப்பத்தான சண்டையே ஆரம்பிக்குது" என்று கத்தினான். "அடுத்த வாரம் சண்டை போட்டுக்கலாம், எழுந்திரு" என்றேன். அடுத்த வாரம் பெண்கள் இன்னும் ஜாஸ்தியாக வந்தார்கள்.

பேசாதவர்களை எல்லார் முன்னாலும் "நீ இன்னா சொல்ற?" என்று கேட்கக் கூடாது. அது கழுத்தைப் பிடிக்கிற மாதிரி. வழியில் தனியாகப் பார்க்கும்போது கேட்டு வைத்துக்கொள்வேன். பிறகு குழுவில், "ஒருத்தர் ஏங்கிட்ட இப்படிச் சொன்னாங்க" என்று ஆரம்பிப்பேன், பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னவரின் காது சிவக்கும். இரண்டு மூன்று முறை அப்படி நடந்தால், நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று திருத்துவதற்காகவே ஒரு நாள் வாயைத் திறப்பார்கள். இதற்காகவே சில முறை வேண்டுமென்றே தப்பாகச் சொல்லியிருக்கிறேன். பேசிக்கொண்டே இருக்கிற கேப்டனுக்கு என் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்து, யார் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்று பார்க்கச் சொன்னேன். மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அவனுக்குப் பேச நேரமில்லாமல் போயிற்று.

எல்லாவற்றிலும் எனக்குக் கஷ்டமானது ஒன்றுதான். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது. கேட்டதும் யாரும் பேச மாட்டார்கள். அந்த மௌனத்தை நாம் நிரப்பிவிட்டால், அதற்குப் பிறகு எந்தக் கேள்விக்கும் அவர்கள் பேச வேண்டியதில்லை. எப்படியும் இவரே சொல்லிவிடுவார் என்று தெரிந்துபோகும். நிரப்பாமல் இருந்தால் யாராவது ஒருவருக்குப் பொறுக்காமல் வாய் திறக்கும். தெரிந்த விஷயம்தான். ஆனால் எனக்குப் பள்ளிக்கூடம் ஞாபகம் வரும். எட்டாம் வகுப்பில் பெஞ்சு மேல் நிற்க வைத்து ஒரு கேள்வியைக் கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. வகுப்பே என்னைப் பார்த்தது. பக்கத்துப் பையன் கிசுகிசுத்ததைச் சொன்னேன், அதுவும் தப்பு. அந்தச் சிரிப்போடு வந்தவன்தான், மறுபடி அந்த வாசலை மிதிக்கவில்லை. அதனால் ஒருவர் எழுந்து நின்று பேசாமல் இருந்தால், நான்தான் பெஞ்சு மேல் நிற்கிற மாதிரி இருக்கும். அப்போதெல்லாம் ஜமுக்காளத்துக் கோடுகளை எண்ணுவேன். சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம். அந்தப் பக்கத்து ஓரத்துக்குப் போவதற்குள் யாராவது பேசியிருப்பார்கள்.

அந்தப் பெண் அப்படிப் பேச ஆரம்பித்தவள்தான். மாசக்கணக்கில் ஓரத்தில் உட்கார்ந்து பாவாடை நுனியைத் திருகிக்கொண்டிருந்தவள். பஸ் விஷயம் குழுவில் வந்தபோது கிராம சபையில் கேட்கலாம் என்று சொன்னது அவள். யார் கேட்பது என்றபோது எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். "நானே கேக்கறேன்" என்றாள். பிறகு என்னிடம் திரும்பி, "அண்ணா, நாங்களே தயார் பண்ணிக்கறோம். நீங்க வாணாம்" என்றாள். எனக்குச் சந்தோஷம்தான். கொஞ்சம் வருத்தமும் இருந்தது. அந்த வாரம் அவர்கள் பேசி வைத்ததை என்னிடம் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் செய்தேன்.

அன்று காலை பள்ளிக்கூட வராந்தாவில் தலைவர் நாற்காலியில் இருந்தார். ஆண்கள் முன்னால், பெண்கள் சுவரோரம். நான் கடைசியில் தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். பசங்கள் கொண்டுவந்த ஜமுக்காளம் சுருட்டியபடி என் காலடியில் சாய்ந்திருந்தது. சாலை, தண்ணித் தொட்டி, தெரு விளக்கு எல்லாம் பேசி முடித்தார்கள். அவள் எழுந்தாள். பள்ளிக்கூடச் சீருடையிலேயே வந்திருந்தாள். தெளிவாகச் சொன்னாள். எத்தனை பெண்கள் போகிறார்கள், எங்கே இறங்குகிறார்கள், ஏரிக்கரையில் விளக்கு இல்லை என்பது வரைக்கும். குரல் நடுங்கவில்லை. சபையில் ஒரு தீர்மானம் போட்டுக் கொடுத்தால் அதை பஸ் டிப்போவில் கொடுக்கிறோம் என்றாள்.

தலைவர் கெட்டவர் இல்லை. அவருக்கு நிஜமாகவே ஒரு கேள்வி இருந்தது.

"சரிம்மா, நீ சொல்றது நாயந்தான். ஆனா நாலு மணிக்கு வர்ற வண்டி திரும்பிப் போறப்பதான நம்மூரு பால் டவுனுக்குப் போவுது? வண்டிய மாத்திப்புட்டா பால் ஊத்தறவங்க இன்னா பண்ணுவாங்க? அவங்க வந்து ஏங்கிட்ட சண்டைக்கு நிப்பாங்களா மாட்டாங்களா?"

அவள் பதில் சொல்லவில்லை. சுவரோரம் திரும்பிப் பார்த்தாள்.

வராந்தாவே அமைதியானது. யாரோ இருமினார்கள். தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். முன்வரிசையில் ஒருவர் பல்லைக் காட்டினார். அவள் கழுத்தைத் திருப்பியபடியே நின்றாள். மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். பெஞ்சு மேல் நிற்கிறாள் என்று நினைத்தேன். எண்ணுவதற்குக் கண் முன்னால் கோடு இல்லை, ஜமுக்காளம் சுருட்டிக் கிடந்தது.

"பால் கேனுக்கு வேற ஏற்பாடு பண்ணிக்கலாம்னு சொல்லும்மா!"

என் குரல்தான். மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். வராந்தா முழுக்கக் கேட்டது.

தலைவர் எட்டி என்னைப் பார்த்தார். "அட! டேப் ரெக்கார்டு அங்கல்ல கீது!" என்றார். "நான் இன்னாடா, இவ்ளோ சுத்தமா பேசுதே பொண்ணுன்னு பாத்தேன்."

சிரிப்பு எழுந்தது. முன்வரிசைக்காரர், "வாய் இங்க, ஸ்பீக்கர் அங்க" என்றார். இன்னொருவர், "டவுனு ஆபீஸ்ல எழுதிக் குடுத்துருப்பாங்கப்பா" என்றார். பிறகு அவள் என்ன சொல்லியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அவள் சொன்ன எல்லாமே நான் சொல்லிக் கொடுத்தது என்று ஆகிவிட்டது. தலைவர் கையை ஆட்டி, "உக்காரும்மா, அப்பறம் பாக்கலாம்" என்றார். அடுத்த விஷயத்துக்குப் போனார்கள்.

கூட்டம் கலைந்தபோது அவள் நேரே என்னிடம் வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"ஏண்ணா, நான் மறந்துட்டேன்னா நெனச்சீங்க?"

நான் காலடியில் இருந்த ஜமுக்காளத்தைப் பார்த்தேன்.

"பால் ஊத்தற அத்தை எழுந்து சொல்றேன்னு சொல்லியிருந்தாங்கண்ணா. அஞ்சு மணி வண்டின்னா அவங்களுக்கும் தேவலாமாம். நாலு மணிக்கு அவசரமா கறக்க வேண்டியதில்லியாம். அவங்கதான சொல்லணும்? அதுக்குத்தான் நின்னேன். அவங்களுக்குக் கூச்சம். கொஞ்சம் நேரமாவும்னு எனக்குத் தெரியும்."

சுவரோரம் பார்த்தேன். அந்த அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தார். யாரையும் பார்க்கவில்லை.

"நீங்க கத்துனதும் அவங்க திரும்ப உக்காந்துட்டாங்க" என்றாள். "பாதி எழுந்துட்டாங்கண்ணா. நீங்க பாக்கல."

கேப்டன் பின்னால் நின்றான். எப்போதும் ஏதாவது சொல்கிறவன். அன்று என் கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினான், அவ்வளவுதான். நான் குனிந்து ஜமுக்காளத்தை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று தெரியாது. கைக்கு ஏதாவது வேண்டியிருந்தது. தொடக் கூடாது என்று விதி வைத்தவன், அதை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டு நடந்தேன்.

ரோட்டில் கொஞ்சதூரம் போனதும் செங்கல் லாரி ஒன்று நிறுத்தி ஏற்றிக்கொண்டது. டிரைவர், "ஜமுக்காளம் விக்கறியா?" என்று கேட்டார். "இல்ல" என்றேன். "அப்பறம் இன்னாத்துக்குத் தூக்கிக்கினு அலையற?" என்றார். அதை மடிக்கு மாற்றிக்கொண்டேன்.

டவுனில் இறங்கியபோது மலை மேல் மேகம் உட்கார்ந்திருந்தது. நிறுவனத்து ஆபீஸ் தேரடிப் பக்கம் ஒரு சந்தில். அந்தச் சந்து முனை வரைக்கும் போனேன். சார் உள்ளே இருந்தார், ஜன்னலில் தெரிந்தது. "கூட்டம் எப்படிப்பா நடந்துச்சு? பொண்ணு பேசுனுச்சா?" என்று கேட்பார். பேசினாள் என்று சொன்னால் அது பொய்யில்லை. அதைச் சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போகலாம். அங்கேயும் ஒரு மதகு இருக்கும், சைக்கிள் செயின் கழலும். அதை நினைத்ததும் உள்ளே போக முடியவில்லை. அந்த வித்தையெல்லாம் எனக்குத் தெரியும் என்பதே கூச்சமாக இருந்தது. கடைத்தெருவைச் சுற்றிவிட்டு, பஸ் ஸ்டாண்டில் ஓரமாக ஜமுக்காளத்தை விரித்துப் படுத்தேன். அத்தனை நாளில் அன்றுதான் அதை முதல்முறையாக விரித்தேன். ஒருவன் படுக்கச் சரியான அளவு.

விடிந்ததும் பெங்களூர் வண்டி ஏறலாம் என்று பார்த்தேன். அதற்கு முன்னால் டீ குடிக்க டிப்போ எதிரே இருந்த கடைக்குப் போனேன். கூட்டம் நெரித்துக்கொண்டிருந்தது. கழுவாத கிளாஸ் தொட்டியில் குவிந்திருந்தது. மாஸ்டர் தனியாக ஆற்றிக்கொண்டே கத்திக்கொண்டிருந்தார். "கிளாஸ் கழுவறவன் ஊருக்குப் பூட்டான்யா, இன்னொரு கிளாஸ் எங்கேந்து வரும்?" நான் டீ கேட்கவில்லை. உள்ளே போய், ஜமுக்காளத்தைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு, தொட்டியில் கையை விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் திரும்பிப் பார்த்தார்.

"யாருய்யா நீ?"

"கழுவறேங்க."

"சரி, கழுவு. மத்தியானம் சோறு உண்டு. நின்னா நில்லு, போனா சொல்லிட்டுப் போ."

வேலை அவ்வளவு சீக்கிரம் கிடைத்தது.

டிப்போ ஆபீஸ் திறந்ததும் அங்கே டீ கொண்டுபோகச் சொன்னார். கிளாஸ் மாட்டுகிற கம்பிக் கூடையை எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தேன். ஆபீஸ் வாசலில் செருப்புகள் கிடந்தன. அதில் ஒரு ஜோடியின் வார் பச்சைக் கயிற்றால் கட்டியிருந்தது. அதை எனக்குத் தெரியும். கேப்டனுடையது. அப்படியே திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். உள்ளிருந்து, "டீ வந்துடுச்சா? கொண்டா" என்று குரல் வந்தது.

உள்ளே மேனேஜர் மேசைக்கு முன்னால் அவர்கள் நின்றிருந்தார்கள். அந்தப் பெண், அவளோடு படிக்கிற இரண்டு பெண்கள், கேப்டன். காலிப் பால் கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த அம்மாவும். காலையில் டவுனுக்குப் பால் கொண்டுவந்தவரை அப்படியே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். சபையின் தீர்மானம் எதுவும் அவர்கள் கையில் இல்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. கேப்டன் மட்டும் கம்பிக் கூடையைப் பார்த்து, என்னைப் பார்த்து, மறுபடி கூடையைப் பார்த்தான்.

மேனேஜர் சலித்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். "உங்க கஷ்டம் புரியுதும்மா. டைம மாத்துனா பால்காரங்க கம்ப்ளெய்ன்ட் எழுதுவாங்களே. அதுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

அதே கேள்வி. அவள் பதில் சொல்லவில்லை. திரும்பி அந்த அம்மாவைப் பார்த்தாள்.

அந்த அம்மா தரையைப் பார்த்தார். கேனை ஓர் இடுப்பிலிருந்து இன்னோர் இடுப்புக்கு மாற்றினார். மின்விசிறி கடகடவென்று ஓடிற்று. மேனேஜர் பேனாவை மேசையில் தட்டினார். நான் ஒரு கிளாஸைக் கையில் பிடித்தபடி நின்றேன். சூடு விரலில் ஏறியது. என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். நேற்று தெரியாதது இன்று வார்த்தைக்கு வார்த்தை தெரியும். வாய்க்குள் வந்து நின்றது. இதே மௌனத்தில் அந்தப் பதினாறு வயதுப் பெண் அலட்டிக்கொள்ளாமல் நின்றாள், ரோட்டு முனையில் வண்டிக்குக் காத்திருக்கிற மாதிரி. நான் கிளாஸில் இருந்த டீயை மட்டும் பார்த்தேன்.

"அஞ்சு மணின்னா எங்களுக்கும் நல்லதுதாங்க" என்றது அந்த அம்மாவின் குரல், ரொம்ப மெல்ல. பிறகு கொஞ்சம் பெரிதாக. "நாலு மணிக்குன்னா மாடு முழுசா சுரக்கறதுக்குள்ள கறக்க வேண்டிதா கீதுங்க. எங்க தெருவுல எல்லாரையும் கேட்டுட்டேன். வேணும்னா அவங்களையும் இட்டாறேன்."

மேனேஜர் பேனா தட்டுவதை நிறுத்தினார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ இன்னாத்துக்குய்யா இன்னும் நிக்கற? வெச்சுட்டுப் போ."

வைத்துவிட்டு வந்தேன். கையில் கொஞ்சம் சிந்தியிருந்தது.

அவர்கள் வெளியே வர நேரமாயிற்று. கேப்டன்தான் ரோட்டைத் தாண்டிக் கடைக்கு வந்தான். நான் தொட்டியில் குனிந்துகொண்டேன். அவன் குனிந்து பெஞ்சுக்கு அடியிலிருந்து ஜமுக்காளத்தை இழுத்தான். கடைக்குள் வரும்போதே பார்த்திருக்கிறான்.

"ஒரு மாசம் ஓட்டிப் பாக்கறாராம்ணா" என்றான். "கூட்டம் ஏறுனா நிரந்தரம் பண்றாராம். நம்ம ஜனம் ஏறும்."

"நல்லது" என்றேன்.

"இத எடுத்துக்கினு போறேன். ஞாயித்துக்கெழம வேணும்."

"எடுத்துக்கோ."

அவன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். நீங்களும் வாங்க என்று சொல்வான் என்று ஒரு நிமிஷம் எதிர்பார்த்தேன். அவன் சொல்லவில்லை. சொல்லாதது சரி என்றுதான் எனக்கும் பட்டது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவள் நின்றிருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகியிருக்கும். கையைத் தூக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"தம்பீ!" என்று மாஸ்டர் கத்தினார். "கிளாஸு!"

கழுவியவற்றை வரிசையாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுத்த குவியலைத் தொட்டியில் இறக்கினேன்.